பின்வளவுப் பள்ளம்: பழைய பங்கரை அடையாளம் காண்பதும் பாதுகாப்பாக மூடுவதும்

மாரி பிடித்து இரண்டு மூன்று பெருமழை விழுந்த பிறகு, கோடிப்புறத்தில் ஓரிடம் மட்டும் நீளவாக்கில் அரை அடி, ஒரு அடி என்று இறங்கும். மற்ற இடமெல்லாம் தண்ணீர் வற்றினாலும் அங்கே நிற்கும். வெயில் ஏறி வளவுப் புல் காயும்போது அந்தத் துண்டு மட்டும் பச்சையாகக் கிடக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும், வவுனியா வடக்கிலும், மடு, மாந்தை மேற்குப் பக்கங்களிலும் இப்படி ஒரு தாழ்வைக் கண்டால் முதலில் நினைக்க வேண்டியது, ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் ஒளிந்திருக்க வீட்டுக்காரர் வெட்டிய பதுங்குகுழியை, அதாவது பழைய பங்கரைத்தான்.

சண்டைக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. காணி வாங்கிப் புதிதாக வருகிறவர்களுக்கும், 2009-இல் சண்டை முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அது வெறும் பள்ளம். குப்பை கொட்டி நிரப்புவார்கள், அல்லது அதன்மேலேயே அத்திவாரம் வெட்டுவார்கள். இரண்டும் பிழை. மூட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் ஓடித்திரியும் வளவில் பள்ளத்தை எத்தனை வருடம் வைத்திருக்க முடியும்? மூடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அது என்ன என்று நிச்சயப்படுத்தி, ஆபத்து இல்லை என்று உறுதிசெய்து, அளந்து எழுதி வைக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

பங்கர் எப்படி அமைந்திருந்தது

அடையாளம் பிடிப்பதற்கு, முழுதாக இருந்தபோது அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

ஷெல் நிலத்தில் விழுந்து வெடிக்கும்போது ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் அதன் இரும்புச் சிதறல்கள். அவை நிலமட்டத்திலிருந்து பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் பறக்கும். நிலத்துக்குக் கீழே இருக்கிறவரின் தலைக்கு மேலால் போய்விடும். பங்கரின் அடிப்படை இவ்வளவுதான். மரக்கிளையில் பட்டு மேலே வெடிக்கும் ஷெல்லின் துண்டுகளும், உடைந்து விழும் கல்லும் ஓடும் உள்ளே வராமல் தடுக்கத்தான் கூரை. விமானக் குண்டு நேரே மேலே விழுந்தால் எந்த வீட்டுப் பங்கரும் தாங்காது. பக்கத்தில் விழுந்தால் உயிர் தப்பலாம், அதற்காகத்தான் எல்லாரும் வெட்டினார்கள்.

ஒரு குடும்பத்துப் பங்கர் ஏறத்தாழ 8 அடி நீளம், 3 முதல் 4 அடி அகலம், 5 அடி ஆழம் இருக்கும். அகலத்தை விருப்பப்படி கூட்ட முடியாது, கூட்டினால் கூரையாக மேலே கிடக்கும் மரக்குற்றி வளையும். குற்றி இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு அடியாவது வெட்டாத நிலத்தில் கிடக்க வேண்டும். கிடங்கின் விளிம்போடு வைத்தால் கரை உடைந்து கூரை முழுவதும் உள்ளே இறங்கும். எனவே 4 அடி அகலக் கிடங்குக்கு 8 அடிக் குற்றி தேவைப்பட்டது. குற்றிக்கு மேலே தகரம் அல்லது தறப்பாள், அதற்குமேல் மண் நிரப்பிய உரப்பைகள், கடைசியில் வெட்டிய மண்ணையே குவித்து ஒரு மேடு. அந்த மேட்டின் பாரம் சிறியதல்ல. 8 அடிக்கு 4 அடிப் பரப்பில் இரண்டு அடி உயரம் மண் என்றால் 64 கன அடி. ஈரமண் கன அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ என்று பார்த்தால் மூன்று தொன்னுக்கு மேல். மாரியில் மண் தண்ணீர் குடித்துப் பாரம் ஏறும்போதுதான் உக்கிய குற்றி முறியும். இப்போது நாம் காணும் பள்ளங்கள் பெரும்பாலும் மாரியிலேயே திடீரென்று இறங்குவதற்கும் காரணம் இதுதான்.

வாசல் நேராக இருக்காது. படி வெட்டி இறங்கி, ஒரு முறை திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வெடித்தால் அதிர்வும் துண்டும் நேராக உள்ளே பாயாமல் அந்தத் திருப்பம் மறிக்கும். கவனமாக வெட்டியவர்கள் இரண்டு வாசல் வைத்தார்கள், ஒன்று மண்ணால் அடைபட்டால் மற்றதால் வெளியே வரலாம். மேலிருந்து பார்த்தால் ஒரு வாசல் பங்கர் ‘ட’ எழுத்தையும் இரண்டு வாசல் பங்கர் ‘ப’ எழுத்தையும் ஒத்திருக்கும். இந்த மடிப்பு பள்ளத்தில் தெரிந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இடத் தெரிவிலும் ஒரு கணக்கு இருந்தது. குசினி வாசலிலிருந்து சில எட்டில் ஓடிப் போய்ச் சேர வேண்டும், ஆனால் வீட்டுச் சுவர் இடிந்தால் வாசலை மூடாத தூரமும் வேண்டும். மேலிருந்து தெரியாமலிருக்க மாமரம், பலாமரத்துக்குக் கீழே பலர் வெட்டினார்கள். வேர் கரையைப் பிடித்து நின்றது கூடுதல் நன்மை. கிளையில் பட்டு வெடிக்கும் ஷெல் அதே மரத்தால் வந்த ஆபத்து. கிணற்றுக்குக் கிட்ட வெட்டமாட்டார்கள், தண்ணீர் ஊறும்.

மண்ணும் காலமும்

மேலே சொன்ன பகுதிகள் சேர்ந்த வன்னி முழுவதும் ஒரே மண் இல்லை. கிறவல் கலந்த செம்மண்ணில் அலவாங்கும் பிக்காசும் போட்டு வெட்டுவது பெரும்பாடு. ஆனால் வெட்டினால் கரை தானாக நிற்கும். இன்றும் கரை செங்குத்தாக நிற்கும் கிடங்குகள் அந்த மண்ணில்தான் கிடைக்கும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் கோடையில் வெடித்து, மாரியில் ஊதும். அதில் கரை நிற்காது, பள்ளத்தின் வடிவமும் சீக்கிரம் அழிந்துவிடும். மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையோர மணலில் நிலைமை இன்னும் மோசம். மூன்று நாலு அடி தோண்டினால் தண்ணீர், கரையோ தோண்டத் தோண்டச் சரியும்.

எந்தக் காலத்துப் பங்கர் என்பதைப் பொருட்கள் காட்டிக்கொடுக்கும். வடபகுதி ரயில் 1990-இல் வவுனியாவுக்கு வடக்கே ஓடாமல் நின்ற பிறகு, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இரண்டு தரப்பின் காவலரண்களுக்கும் போயின. சில வீட்டுப் பங்கர்களிலும் அவை கிடைக்கின்றன. 1996-இல் விமானப்படைக்குக் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானங்கள் வந்த பிறகு கூரை தடித்தது. பனங்குற்றியோடு பாலை, முதிரை, வீரைக் கட்டைகளும் சேர்ந்தன. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்ததும் நிறையக் குடும்பங்கள் பங்கரை மூடி வாழை வைத்தன. 2006 ஆகஸ்டில் சண்டை திரும்பியபோது அதே இடத்தையே மறுபடி வெட்டினார்கள், இளகிய மண் வெட்ட லேசு. ஆகையால் ஒரே கிடங்கில் இரண்டு கரைக்கோடு, அடியில் பழைய உரப்பை, அதற்குமேல் புதியது என்று காணலாம்.

2009-இன் முதல் மாதங்களில் கரையோரத்தில் வெட்டியவை வேறு வகை. மரம் இல்லை, தகரம் இல்லை, உரப்பை இல்லை. சேலையை வெட்டிப் பையாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். பருத்திச் சேலை மண்ணுக்குள் உக்கிப் போய்விட்டது. நைலெக்ஸ், பொலியெஸ்டர் சேலை உக்காது. மணலை ஒதுக்கினால் கையால் ஓட்டிய தையலோடு ஒரு முனை வரும். பூப்போட்ட கரை, நிறம் சற்று மங்கி, நூல் பிரியாமல் இருக்கும். பைக்குள் இருந்த மணல் சுற்றியுள்ள மணலைவிட இறுகி, பையின் உருவத்திலேயே நிற்கும். வன்னியில் கிடைக்கும் பங்கர்த் தடயங்களில் இதைப்போல ஆளோடு ஒட்டிய இன்னொன்று இல்லை. அதைக் குப்பையோடு எரிக்காதீர்கள்.

வேறு நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1939-இல் பிரித்தானிய அரசு விமானக் குண்டுக்கு ஒளிய வீட்டுத் தோட்டங்களுக்கு ‘அண்டர்சன்’ என்ற நெளிதகரக் கூட்டைக் கொடுத்தது. ஆறு பேருக்கு ஒன்று, 4 அடி ஆழத்தில் இறக்கி மேலே 15 அங்குல மண் போடும்படி அறிவுறுத்தல். எல்லாம் ஒரே அச்சு என்பதால் இன்றும் ஒரு தகரத் துண்டைக் கண்டே சொல்லிவிடலாம். நம்முடையது அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் தனக்குக் கிடைத்ததைக் கொண்டு, தன் ஆட்தொகைக்கேற்ப வெட்டியது. அச்சு இல்லாதபடியால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து எழுதினால் மட்டுமே மிஞ்சும்.

பள்ளம் பங்கர்தானா?

கரையோரமாக நடந்து, மேற்பரப்பை மட்டும் பாருங்கள். கம்பியால் குத்தவோ மண்வெட்டி போடவோ வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் நிறம். பங்கர் வெட்டும்போது ஐந்தடி கீழிருந்த மண் மேலே வந்திருக்கும். கறுத்த மேல்மண்ணுக்கு நடுவே மஞ்சள் கிறவல் கட்டிகள் வட்டமாகப் பரவிக் கிடந்தால் அது கீழ்மண். அடுத்தது குற்றி. பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான், உள்ளே சோறு என்ற மெதுவான பகுதி. உள்ளே உக்கி, வெளி ஓடு மட்டும் கறுத்த குழாயாக மிஞ்சும். பள்ளத்தின் இரு கரையிலும் எதிரெதிரே அப்படிப்பட்ட துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அவை குற்றி கிடந்த இடங்கள். தென்னங்குற்றியைக் கறையான் முழுவதும் தின்றுவிடும், துளை மட்டும் இருக்கும். பாலைக்கட்டை இன்றும் திடமாகக் கிடக்கலாம். வெயில் பட்ட உரப்பை வெள்ளை நாராகப் பொடிந்து கிடக்கும். மண்ணுக்குள் போனது அச்செழுத்துக்கூட அழியாமல் இருக்கும்.

வேறு எதைப் பங்கர் என்று மாறி நினைக்கலாம்? ஷெல் குழி வட்டமாக, கிண்ணம்போலச் சரிந்து, சுற்றிவர விளிம்பு உயர்ந்திருக்கும். பழைய மலசலகூடக் குழியில் சீமெந்து வளையமோ செங்கல்லோ தட்டுப்படும். தூர்ந்த கிணறு வட்டம், ஓரத்தில் கட்டுக்கல் இருக்கும். இவற்றைப் பிரிப்பது லேசு.

வீட்டுப் பங்கரையும் போர்க்களத்து அகழியையும் பிரிப்பதுதான் கடினம், உயிர் சம்பந்தப்பட்டதும் அதுதான். வீட்டுப் பங்கர் வீட்டை நோக்கி வாசல் வைத்து, தனியாக இருக்கும். அகழி வேலி பார்க்காது. நாலைந்து காணிகளை ஊடறுத்து வளைந்து வளைந்து போகும், பக்கத்தில் மண்ணணை இருக்கும், இடைக்கிடை காவலரண் குழி வரும். 1997 மே 13-இல் இராணுவம் தொடங்கிய ஜெயசிக்குறுய் நடவடிக்கையில் ஓமந்தையிலிருந்து புளியங்குளம், மாங்குளம் வரை ஏ-9 வீதியின் இருபக்கமும் இப்படி முன்னரங்குகள் நகர்ந்துகொண்டே இருந்தன. கிளிநொச்சி நகரம் 1996 முதல் 1998 செப்டெம்பர் வரை படைமுகாமாக இருந்தது. அங்கே ஒரு வீட்டுப் பங்கரே காவலரணாக மாறி, அதைச் சுற்றி மிதிவெடி புதைக்கப்பட்டிருக்கலாம். முட்கம்பிச் சுருள், இரும்புக் கம்பிக் கட்டை, தோட்டாக் கோதுகளின் குவியல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வெளியே வாருங்கள்.

வெடிபொருள், எலும்பு, பாம்பு

காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதுதானே என்று பலர் கேட்பார்கள். அந்த வேலை மேல்மண்ணின் குறிப்பிட்ட ஆழத்துக்கே நடக்கிறது. மிதிவெடி மேலேதான் புதைக்கப்படும் என்பதால் அதற்கு அது போதும். ஐந்தடிக் கிடங்கின் அடியில், இடிந்த கூரைக்குக் கீழே கிடக்கும் பொருள் அதில் அகப்பட்டிருக்க வேண்டும் என்றில்லை. மீள்குடியேறி வந்தவர்கள் வளவில் கண்ட இரும்பையெல்லாம் கூட்டிப் பள்ளத்தில் போட்டு மண் தள்ளியதும் உண்டு. வெடிக்காத மோட்டார் ஷெல்லும் கைக்குண்டும் அந்தக் குப்பைக்குள் போயிருக்கலாம்.

அதனால் பள்ளத்தில் நெருப்பு வைக்கவே கூடாது. இலைகுழை கூட்டிப் பள்ளத்தில் எரிப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மண்ணுக்குக் கீழே கிடக்கும் வெடிபொருளுக்கும் அந்தச் சூடு எட்டலாம். பழைய இரும்புக்கு விற்கலாம் என்று கிளறுவதும், நகை புதைத்திருக்கும் என்று தோண்டுவதும் அதே அளவு ஆபத்து.

சந்தேகப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தூரத்திலிருந்து தெரியக்கூடிய அடையாளம் ஒன்றை வைத்துவிட்டுப் பிள்ளைகளையும் மாடுகளையும் அப்பால் அனுப்புங்கள். கிராம அலுவலருக்கோ, பொலிஸுக்கு 119 இலக்கத்திலோ அறிவித்தால் செயலிழக்கச் செய்யும் பிரிவு வரும். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் ஆட்கள் உங்கள் பகுதியில் வேலைசெய்தால் அவர்களிடமும் சொல்லலாம். பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மனித எலும்போ, எலும்போடு துணியோ வெளிவந்தால் அந்த நிமிடமே வேலை நிற்க வேண்டும். எடுத்து வைக்கவோ, கழுவவோ, வேறிடத்தில் புதைக்கவோ கூடாது. பொலிஸுக்கு அறிவித்தால் விஷயம் நீதவானிடம் போகும், சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில்தான் தோண்டலாம். முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டும்போதுதான் மனிதப் புதைகுழி வெளிவந்தது. எலும்பு கிடந்த நிலை, அதன்மேல் இருந்த மண், பக்கத்துத் துணி, பொத்தான் எல்லாமே அது யார் என்று கண்டுபிடிக்க உதவுபவை. தேடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதுதான் கடைசி வழியாக இருக்கலாம்.

பாதி இடிந்த கிடங்கு புடையன் பாம்புக்கு நல்ல இடம். உக்கிய குற்றிக்கடியில் கை விடாதீர்கள். மேலே திடமாகத் தெரியும் கூரையில் ஏறி நிற்கவும் கூடாது.

அளந்து எழுதி வைப்பது

இடம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகு ஒரு பின்னேரம் போதும். கைபேசியால் நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுநாடாவோ மண்வெட்டியோ கிடக்கட்டும், இல்லாவிட்டால் பள்ளம் எவ்வளவு பெரிது என்று படத்தில் தெரியாது. வெயில் சாய்ந்த நேரம்தான் நல்லது, உச்சி வெயிலில் தாழ்வு படத்தில் விழாது. நீளம், அகலம், இப்போதுள்ள ஆழம், வாசல் பார்க்கும் திசை, வீட்டு மூலையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் உள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்து, ஒரு தாளில் வளவின் படம் கீறுங்கள்.

பிறகு பெரியவர்களிடம் கேளுங்கள். வெட்டியது எந்த ஆண்டு, யார் வெட்டியது, குற்றி எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை தரம் மூடித் திறந்தது, இடம்பெயரும்போது உள்ளே ஏதாவது புதைத்துவிட்டுப் போனார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் அடிக்கடி ஆம் என்றே வரும். தையல் மெசின், வெண்கலப் பாத்திரம், பொலித்தீனில் சுற்றிய காணி உறுதியும் படங்களும் அப்படிக் கிடைத்திருக்கின்றன. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அந்தக் கிடங்குக்குள் பிள்ளையை இழந்தவராக இருக்கலாம். அளவை மட்டும் எழுதினாலும் போதும்.

மூடுவது

மேலே மண் கொட்டி மட்டப்படுத்தினால் இரண்டு மாரிக்குள் திரும்பவும் இறங்கும். கீழே உக்கிக்கொண்டிருக்கும் குற்றி ஒவ்வொன்றும் ஒரு வெற்றிடம். உரப்பை கிழிந்து மண் அந்த வெற்றிடத்துக்குள் ஒழுகும், மேலே பள்ளம் விழும்.

சரியான முறை அதைத் திறந்து மூடுவது. கோடையில், ஆவணிக்கு முன் தொடங்குங்கள். கூரை மண்ணை மேலிருந்து சிறிது சிறிதாக வழித்து, குற்றி, தகரம், பை எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஆள் உள்ளே இறங்கி நின்று வெட்டக்கூடாது, ஐந்தடிக் கரை சரிந்தால் தூக்கி எடுக்க நேரம் இருக்காது. ஜேசிபி பிடிப்பதானால் வெடிபொருள் பற்றி உறுதிசெய்த பிறகுதான். இளகிய மண் போய், வெட்டாத மண் தட்டுப்படும் வரை எடுங்கள். கரையைப் படிபோல ஒரு அடி அகலத்தில் வெட்டிவிட்டால் புதுமண்ணும் பழைய நிலமும் பிடித்துக்கொள்ளும்.

நிரப்பும்போது அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, கனமான கட்டையால் இடியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் போதும், சேறாக்கினால் இறுகாது. மண் எவ்வளவு வேண்டும் என்பது லேசான கணக்கு. 8 x 4 x 5 அடி என்றால் 160 கன அடி. 100 கன அடி ஒரு கியூப், அதாவது 1.6 கியூப். இடித்தால் ஐந்திலொரு பங்கு குறையும், ஆகவே இரண்டு கியூப். டிராக்டர் பெட்டி ஒன்று ஏறத்தாழ ஒரு கியூப் என்பதால் இரண்டு பெட்டி. மேலே நாலு அங்குலம் உயர்த்தி முடித்தால் முதல் மாரியில் இறங்கி மட்டமாகும்.

மூடிய இடத்தில் ஒரு மாரி போகாமல் எதுவும் கட்டக்கூடாது. வீட்டின் ஒரு மூலை பழைய பங்கரிலும் மற்ற மூலைகள் இறுகிய நிலத்திலும் வந்தால், அந்த மூலை மட்டும் இறங்கி, யன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் சுவர் வெடிக்கும். பூசினாலும் அடுத்த வருடம் அதே இடத்தில் திறக்கும். வீட்டைச் சில அடி தள்ளிப் போடுவதே மலிவு. முடியாவிட்டால் அந்த இடத்தில் அத்திவாரத்தைப் பழைய கிடங்கின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்க வேண்டும், அல்லது கம்பி போட்ட கொங்கிரீட் வளை (பீம்) கட்ட வேண்டும். எது என்பதைப் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் கீறிய படம் அவருக்கு உதவும். பள்ளம் ஆயத்தமாக இருக்கிறதே என்று மலசலகூடக் குழியாக்குகிறவர்களும் உண்டு. கரை கட்டாத இளகிய குழியிலிருந்து அழுக்கு நேரே நிலத்தடித் தண்ணீருக்குப் போகும். கிணற்றிலிருந்து 50 அடிக்குள் என்றால் நினைக்கவே வேண்டாம்.

கட்டிடம் தேவையில்லாத வளவென்றால் வாழை வையுங்கள். ஆழமாக இளகிய மண், ஈரம் நிற்கும், வேர் நன்றாகப் பிடிக்கும். தென்னை வைக்க விரும்பினால் மண் இறங்கி முடிய இரண்டு மாரி பொறுத்து வையுங்கள், முந்தினால் கன்று சாயும்.